முதுகுப் பக்கத்து வீடு

எங்கள் தெருவில் என் அத்தானை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டவர் என்பார்கள். டவர் வீட்டுக்கு எதிர் வீடு, டவர் சம்சாரம், ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிற டவர் கொழுந்தியாள் என்று மற்றவர்களின் முகவரியெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கும். உயரமான மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம்; அக்காவின் தோளைத் தாண்ட மாட்டார். ஒரு செல்போன் கம்பெனியின் கோபுரங்களில் ஏறி ஆன்டெனா பூட்டுவதும் திருப்புவதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை. நடக்கும்போதும் கண் கூரைகளின் மேலேதான் இருக்கும். எந்த மாடியில் எந்தக் கம்பெனி புதுக் கம்பம் நட்டிருக்கிறது என்று பார்க்காமலே சொல்லுவார். காலடியில் சாக்கடை மூடி திறந்து கிடப்பது மட்டும் தெரியாது. கோபுரத்திலிருந்து ஒரு நாளும் விழாத மனிதர் தெருவில் விழுந்து காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்ட கதையை அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

பல வருடம் வெளியே அலைந்துவிட்டு, அடுத்தது எங்கே என்று தெரியாமல், பையைக்கூட முழுதாகப் பிரிக்காமல் அவர்கள் வீட்டு மாடி அறையில் நான் தங்கியிருந்தபோது இது நடந்தது. அதுவரை எனக்கு அத்தானைப் பற்றி ஒரு குறையும் சொல்லத் தெரியாது. இப்போதும் குறை சொல்வதற்காக எழுதவில்லை.

தெருமுனையில் ஒரு லாட்ஜ். அதன் மொட்டைமாடியில் இரண்டு கம்பங்கள். ஒன்று அத்தானின் கம்பெனியுடையது, மற்றது போட்டிக் கம்பெனியுடையது. அந்த இரண்டாவது கம்பத்தைப் பார்த்துக்கொண்டவர் பெல்ட். கோபுரத்தில் ஏறும்போது மாட்டுகிற பாதுகாப்புப் பட்டையை டீக்கடையில் உட்காரும்போதும் கழற்ற மாட்டார் என்பதால் அந்தப் பெயர். அத்தானும் அவரும் ஒரே கான்டிராக்டரிடம் தொழில் கற்றவர்கள். பிறகு ஆளுக்கொரு கம்பெனியின் கம்ப வேலைக்குப் போய்விட்டார்கள். கம்பெனிகள் இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். இவன் சுவரொட்டி மேல் அவன் ஒட்டுவான். அவன் குடைக்கு எதிரே இவன் குடையை நட்டு சிம் கார்டு விற்பான். ஆனால் மாடி மேலே இந்த இருவருக்கும் தனியாக ஒரு வழக்கம் இருந்தது.

ஆன்டெனாவுக்கு முகமும் உண்டு, முதுகும் உண்டு. நீளமான வெள்ளைப் பெட்டி அது. முகம் பார்க்கிற பக்கமெல்லாம் சிக்னல் கொட்டும். முதுகுப் பக்கம் ஏதோ கசியும், அவ்வளவுதான். அந்த முகத்துக்கு நேரே ரொம்ப நேரம் நிற்பது உடம்புக்கு ஆகாது. லாட்ஜ் மாடியில் கம்பங்கள் நெருக்கமாக நின்றதால், ஒருவர் தன் கம்பத்தில் ஏற வேண்டுமானால் அடுத்தவருடைய ஆன்டெனாவின் முகத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். முறைப்படி என்றால் இந்தக் கம்பெனி அந்தக் கம்பெனிக்கு எழுதி, பதில் வந்து, அப்புறம் ஏற வேண்டும். அதற்குள் ஒரு மழைக்காலமே வந்து போய்விடும். அதனால் இவர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்துகொள்வார்கள். "ஏறப்போறேன் மாப்ள, கொஞ்சம் குறை." உடனே அடுத்தவர் தன் ஆன்டெனாவின் பவரைக் குறைத்துவிடுவார். பெல்ட்டின் இடுப்பில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி தொங்கும். கதிர் அதிகமானால் அது கீச்சுக்கீச்சு என்று கத்தும். கத்தல் அடங்கிய பிறகு இடுப்பை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறுவார். எந்த மேனேஜருக்கும் இந்த ஏற்பாடு தெரியாது. தெரிந்தால் இருவருக்கும் வேலை போயிருக்கும்.

இவ்வளவு தெரிந்த மனிதரின் சொந்த வீட்டில் ஒரு காலத்தில் சிக்னல் கிடையாது. கம்பெனிக்குக் கடைவீதிதான் முக்கியம் என்பதால் லாட்ஜ் மாடி ஆன்டெனாவை அந்தப் பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தவர் அத்தானேதான். எங்கள் தெருவுக்கு அது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மற்ற வீடுகளுக்கு மறுகோடியில் இருக்கும் இன்னொரு கோபுரத்திலிருந்து கிடைத்துவிடும். எங்கள் வீட்டை மட்டும் பக்கத்து மாடிக் கட்டடம் மறைத்துக்கொண்டது. அப்போது என்னிடமும் அத்தான் கம்பெனி சிம்தான்; விடுமுறைக்கு வரும்போதெல்லாம் போன் பேச மொட்டைமாடிக்குத்தான் ஓடுவேன். ஒரு முறை சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது அப்பா, கையில் போனோடு மாடிப்படி ஏறி இறங்கி மூச்சு வாங்கியவர், எல்லோர் முன்னாலும் சொன்னார். "மாப்பிள்ளை ஊருக்கெல்லாம் சிக்னல் குடுக்கிறார். மாமனாருக்கு மட்டும் மொட்டைமாடிதான்." எல்லோரும் சிரித்தோம். அத்தானும் சிரித்தார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா பிற்பாடு சொன்னாள். அதோடு, வீட்டில் இருந்த நேரத்தில் கம்பெனி கூப்பிட்ட அவசர அழைப்பு ஒன்று வந்து சேராமல் போய், விளக்கம் கேட்டுவிட்டார்கள். என் வீட்டில் நம் கம்பெனி சிக்னல் இல்லை என்று எந்த வாயால் சொல்வார்?

இந்த முறை நான் வந்து இறங்கியபோது கூடத்தில் அக்காவின் போனில் சிக்னல் கோடுகள் முழுசாக நின்றன. கம்பெனி சரி செய்துவிட்டது என்று அக்கா சொன்னாள். அத்தான் அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். கூரையில் புதிதாக வெள்ளை வட்டு ஒன்று ஒட்டியிருந்தது. புகை வந்தால் மணியடிக்கிற கருவி என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வந்த கொஞ்ச நாளில் தெருவில் ஒரு தொல்லை ஆரம்பித்தது. போட்டிக் கம்பெனி சிம் வைத்திருந்தவர்களுக்குப் பாதிப் பேச்சுதான் வேலை செய்தது. எதிராளி பேசுவது நன்றாகக் கேட்கும். நாம் பேசுவது அவருக்குக் கேட்காது. தெருவே 'ஹலோ, ஹலோ, கேக்குதா' என்று கத்திக்கொண்டிருந்தது. என்னிடமும் இப்போது இருந்தது அந்தக் கம்பெனி சிம்தான். அடுத்த வீட்டில் தையல்காரம்மா இருந்தார். அவருக்கு ஆர்டர் எல்லாம் போனில்தான் வரும். 'ஆள் எடுக்கிறாங்க, பேச மாட்டேங்கறாங்க' என்று வாடிக்கையாளர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து என் வீட்டுக்காரர் கேக்கலைன்னுதான் சொல்றார். இப்ப போனும் சேந்துக்கிச்சு" என்று சிரித்தாலும் அவர் மிஷின் பாதி நாள் மூடியே கிடந்தது.

டீக்கடையில் அத்தான் இதற்கு விளக்கம் கொடுத்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். டவர் பேசுவது போனுக்குக் கேட்கிறது, போன் பேசுவது டவருக்குக் கேட்கவில்லை. யாரோ டவரின் காதுக்குப் பக்கத்தில் நின்று ஓயாமல் கத்திக்கொண்டிருக்கிறான் என்றார். எங்கோ ஒரு மட்டமான கருவி ஊளையிடுகிறது, மைக்கை ஸ்பீக்கர் முன்னால் நீட்டினால் அலறுமே, அந்த மாதிரி. அதைத் தேடிப் பிடிப்பதுதான் பெல்ட்டுக்குச் சாமர்த்தியம். பெல்ட் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அத்தான் அவர் தோளைத் தட்டிச் சொன்னார்:

"மச்சான், அந்த பெல்ட்டை உன் இடுப்புல கட்டாத. உன் டவருக்குக் கட்டு. அதாச்சும் விழாம நிக்கும்."

கடையே சிரித்தது. பெல்ட்டும் டம்ளரைப் பார்த்தபடி சிரித்தார்.

தெருவாசிகள் ஒவ்வொருவராக அத்தானின் கம்பெனிக்கு மாறினார்கள். தையல்காரம்மாவுக்கு அத்தானே கூட இருந்து மாற்றிக் கொடுத்தார். அந்த வட்டாரத்தில் அதிகம் பேரை இழுத்ததற்காகக் கம்பெனி விழா வைத்து அவருக்குப் பெரிய சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தது. அதை அக்கா கூடத்தில், வெள்ளை வட்டுக்கு நேர் கீழே மாட்டினாள். பெல்ட்டின் நிலைமை வேறு. அவர் அத்தானைப் போலக் கம்பெனி ஆள் இல்லை, இன்னும் கான்டிராக்டரின் ஆள்தான். மாத முடிவுக்குள் ஊளையிடும் கருவியைக் கண்டுபிடிக்காவிட்டால் கோபுர வேலையிலிருந்து இறக்கிவிடுவோம் என்று கான்டிராக்டர் சொல்லிவிட்டார். இதை பெல்ட்டே எங்கள் வாசலில் நின்று அத்தானிடம் சொன்னார். உனக்கு ஏதாவது தோணுதா மாப்ள, என்று கேட்டார். அத்தான் யோசித்து, புது ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பார்க்கச் சொன்னார். அப்போது அவர் உண்மையாகத்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன்.

மறுநாள் காலை பெல்ட் தெருவில் நடந்து வந்தார். ஒரு கையில் மீட்டர். இன்னொரு கையில் மீன் முள் மாதிரி கம்பிகள் நீட்டிய சிறு ஆன்டெனா. எந்தப் பக்கம் நீட்டினால் ஊளை பலமாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம்தான் கருவி இருக்கும். ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் நின்று, மாடியைப் பார்த்து நீட்டி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். நான் மாடி வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அத்தான் கீழே வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். தையல்காரம்மா வீட்டு மாடியைப் பார்த்து நீட்டிவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தபோது பெல்ட்டின் கையில் இருந்த மீட்டர் அலறியது. எனக்கே கேட்டது. அவர் உடனே ஆன்டெனாவைக் கீழே, தன் காலைப் பார்த்துத் தாழ்த்திக்கொண்டார். மீட்டரை அணைத்தார். "என்ன மாப்ள, ஆச்சா?" என்று அத்தானின் பிரஷ்ஷைக் காட்டிக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டைத் தாண்டினார். அடுத்த வீட்டு முன்னால் மறுபடி கையைத் தூக்கினார்.

அத்தான் நுரை வாயோடு நின்றார். பிறகு வாய்கூடக் கொப்பளிக்காமல் மொட்டைமாடிக்கு ஏறினார். நான் பின்னால் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னே, செங்கல் அடுக்கி மறைத்த இடத்தில், லாட்ஜைப் பார்த்து ஒரு சின்ன ஆன்டெனா. அதனடியில் ஒரு பெட்டி; அதிலிருந்து ஒரு கறுப்பு வயர் கீழே கூடத்து வெள்ளை வட்டுக்கு இறங்கியது. முதுகுப் பக்கம் கசிகிற சிக்னலைப் பிடித்துப் பெருக்கி வீட்டுக்குள் விடுகிற பெட்டி அது. அனுமதியில்லாமல் வைக்கவே கூடாதது. மற்ற வீடுகளில் இந்தப் பெட்டியைப் பிடித்துக் கழற்றி, அவர்களுக்கு அரை மணி நேரம் புத்தி சொல்லிவிட்டு வந்ததை அத்தான் எங்களிடமே கதையாகச் சொல்லியிருக்கிறார். வெயிலில் பிளாஸ்டிக் பிடி இளகி, ஆன்டெனா ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பெருக்கி விட்டதையே மறுபடி பிடித்து அது ஊளையிட்டுக்கொண்டிருந்தது. போட்டிக் கம்பெனியின் ஆன்டெனா எங்கள் தெருவை நேராக முகம் பார்ப்பது. ஊளை முழுக்க அதன் காதில் விழுந்தது. அத்தானின் ஆன்டெனாவுக்கு முதுகுதானே. அதற்கு ஒன்றும் தெரியவில்லை.

"அவன் பாத்துட்டானா?" என்றார்.

தெரியவில்லை என்றேன். பார்க்காதவர் ஏன் கையைத் தாழ்த்த வேண்டும் என்று எனக்குள் ஓடியது. 

வயரைப் பிடுங்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவர் பிடுங்கவில்லை. பெல்ட்டின் கம்பெனி ஆட்கள் லாட்ஜ் மாடியில் மீட்டரோடு உட்கார்ந்திருக்கிறார்கள், இப்போது கழற்றினால் கழற்றின நேரமே காட்டிக்கொடுத்துவிடும் என்றார். நாளைக்கு என்றார். அடுத்த நாள் மேனேஜர் கடிகாரத்தோடு போட்டோ எடுக்க வீட்டுக்கு வந்தார். கூடத்தில் சிக்னல் இல்லாமல் போனால் அவர் கேட்பாரே என்று அதுவும் தள்ளிப் போயிற்று. அக்காவிடம் சொல்லாதே என்று என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. என்னைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். இப்படி நாள் தள்ளியதில் மாதம் முடிந்தது. பெல்ட்டைக் கோபுரத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் இடத்துக்குப் புது ஆள் வந்த வாரம்தான் அத்தான் மாடி ஏறி அந்தப் பெட்டியைக் கழற்றினார்.

அதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று. அன்றே தெருவில் எல்லோருக்கும் பேச்சு இரண்டு பக்கமும் கேட்டது. புது ஆள் வந்த கையோடு சரி செய்துவிட்டான், அந்த பெல்ட் இத்தனை நாள் என்ன கிழித்தான் என்று டீக்கடையில் பேசினார்கள். அத்தான் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அன்று மாலை அவரே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அக்கா கத்தவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"அப்பா அன்னிக்கு சிரிச்சதுல போன உங்க மானம் கொஞ்சம்தாங்க," என்றாள். "அதைத் தூக்கி இப்ப அந்த மனுஷன் தலையில கட்டிட்டு வந்து நிக்கிறீங்க."

பெல்ட்டுக்குக் கான்டிராக்டர் வேறு வேலை கொடுத்திருந்தார். பஸ் நிற்கும் முனையில், கம்பெனி நிறத்தில் ஒரு குடை. அதன் கீழே மடக்கு மேசை போட்டு சிம் கார்டு விற்பது. வாழ்நாள் முழுக்க ஊரை மேலிருந்து பார்த்தவர் இப்போது குடை நிழலில் குனிந்து உட்கார்ந்திருந்தார். இடுப்பில் பட்டை இல்லை. அத்தான் அந்த முனையைத் தவிர்க்கச் சுற்றிப் போக ஆரம்பித்திருந்தார். அக்கா விடவில்லை. தனியாகப் போக அவருக்குக் கால் வரவில்லை என்பதால் என்னையும் கூட அனுப்பினாள்.

எங்களைப் பார்த்ததும் பெல்ட் எழுந்து எனக்கு ஸ்டூலைக் கொடுத்தார். எத்தனை ஊர் சிம் வாங்கியிருப்ப, இந்த மாதிரி குடை எல்லா ஊர்லயும் இருக்கா, என்று கேட்டார். இருக்கு என்றேன். அத்தான் வெயிலிலேயே நின்றார். குடைக்குள் வரவில்லை.

"எடுத்துட்ட போல," என்றார் பெல்ட், அத்தானைப் பார்க்காமல்.

அத்தான் தலையை ஆட்டினார்.

"தொட்டிக்குப் பின்னாடிதானே? அன்னிக்கே தெரியும் மாப்ள. உன் வாசல்ல கத்தின கத்துக்கு எனக்குக் காதே அடைச்சுப்போச்சு."

"ஏன்டா சொல்லல?"

"உன் வீட்டைப் பாத்து நான் எப்படிடா நீட்டறது?" சிம் அட்டைகளை அடுக்கிக்கொண்டே பேசினார். "நீயே எடுத்துடுவேன்னு நெனச்சேன். மறுநாள் வந்து பாத்தேன். அதுக்கு மறுநாளும் வந்தேன்." அப்புறம் ஒரு பெண்மணி வந்து நிற்க, அவரிடம் திரும்பி, "அடையாள அட்டை இருக்காம்மா?" என்றார்.

திரும்பும் வழியில் அத்தான் கண் முதல் தடவையாகத் தரையில் இருந்தது. சாக்கடை மூடியைச் சுற்றிப் போனார். வீட்டுக்குள் போய்ப் பெட்டியையும் வளைந்த ஆன்டெனாவையும் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நான் கேட்காமலே கூட நடந்தேன்.

போட்டிக் கம்பெனிக்குக் கடைவீதியில் வாடிக்கையாளர் அலுவலகம் உண்டு. யார் வந்தாலும் டோக்கன் எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார வேண்டும். அத்தான் தன் கம்பெனியின் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்துவிட்டார்; நெஞ்சில் அந்தக் கம்பெனிப் பெயர் பளிச்சென்று தெரிந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். அவர்களில் தையல்காரம்மாவும் இருந்தார். பழைய கம்பெனியில் இப்போது பேச்சு நன்றாகக் கேட்கிறதாம், அதற்கே திரும்ப வந்துவிட்டாராம் என்று எங்களிடம் கூச்சத்தோடு சொன்னார். டவர் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னார். அத்தான் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் டோக்கன் முறை வந்தது. கவுன்ட்டரில் சின்னப் பெண். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், புது கனெக்‌ஷனா சார் என்று கேட்டாள். கம்ப்ளெய்ன்ட் என்றார் அத்தான்.

"யார் மேல சார்?"

"என் மேல."

அவள் நிமிர்ந்தாள். அத்தான் பையைக் கவிழ்த்துப் பெட்டியை மேசையில் வைத்தார். எந்தத் தெரு, எத்தனை நாள், யாருக்கு வேலை போயிற்று என்று நின்றபடியே சொன்னார். மெதுவாகப் பேசத்தான் முயன்றார். ஆனால் கோபுர உச்சியிலிருந்து கீழே நிற்பவர்களிடம் கத்திப் பழகிய குரல். அறை முழுக்கக் கேட்டது. தையல்காரம்மாவுக்கும் கேட்டது. அவர் எழுந்து, அத்தான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்து நாற்காலியை விட்டு, கோடியில் இருந்த நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பின் நடந்தவை எல்லாம் அலுவலகக் காரியங்கள். அபராதம் விதித்தார்கள். அத்தானின் கம்பெனி அவரைக் கோபுரத்திலிருந்து இறக்கி, கிடங்கில் போல்ட்டும் நட்டும் பிரித்துப் போடுகிற வேலைக்கு அனுப்பியது. கடிகாரத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்று அக்கா துடைத்து வைத்திருந்தாள், கேட்கவேயில்லை. பெல்ட்டைக் கான்டிராக்டர் மறுபடி ஏற்றிக்கொண்டார். தெருவில் எங்கள் வீட்டை இன்னும் டவர் வீடு என்றுதான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்துகிறார்கள். அந்த ஒரு நொடியில் அக்கா உள்ளே போய்விடுவாள். பெல்ட் எங்கள் வாசல் வழியாகப் போகும்போது தலையை ஆட்டுவார். நின்றதில்லை. அத்தானுக்கு அவர் போன் வருவதும் நின்றுவிட்டது.

கூடத்தில் மறுபடி சிக்னல் கிடையாது. அத்தான் பேச வேண்டுமென்றால் மொட்டைமாடிக்குத்தான் போகிறார். கைப்பிடிச் சுவரின் ஒரு மூலையில் நின்றால்தான் கேட்கும். தெருவிலிருந்து பார்த்தால் ஆள் முழுசாகத் தெரியும் மூலை அது. யார் பார்த்தாலும் நகர்வதில்லை.

போன வாரம் விடுமுறை நாளில் நானும் மாடியில் இருந்தேன். பெல்ட் லாட்ஜ் மாடியில் பட்டையைக் கட்டிக்கொண்டு கம்பத்தின் அடியில் நிற்பது தெரிந்தது. ஏறாமல் போனைக் காதில் வைத்திருந்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அத்தானின் பழைய இடத்துக்கு வந்திருக்கும் புதுப் பையன் போட்டிக் கம்பெனிக்காரனுக்கெல்லாம் எதற்குப் பவர் குறைக்க வேண்டும் என்று நினைக்கிறவன் போலிருக்கிறது. அத்தான் தன் மூலைக்குப் போய் அவனைக் கூப்பிட்டார். இவர் இவ்வளவு கெஞ்சி நான் கேட்டதில்லை. தம்பி என்றார், உன் கால்ல விழறேன் என்றார், நாளைக்கு நீ ஏறும்போது அவர்தான் குறைக்கணும், நெனச்சுப் பாரு என்றார். கடைசியில் அவன் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்; சரி என்று போனை வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் லாட்ஜ் மாடியில் பெல்ட் தன் இடுப்பைக் குனிந்து பார்த்தார். கத்தல் அடங்கியிருக்க வேண்டும். ஒரு தட்டுத் தட்டினார். பிறகு கம்பத்தில் கை வைத்தவர், ஏறாமல், எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

அத்தான் சட்டென்று குனிந்து தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். தொட்டி நிரம்பித்தான் இருந்தது. பெல்ட் மேலே ஏறி முடிக்கும்வரை அவர் நிமிரவில்லை.